தாமரையின் உறவினர்



தாமரையும் அல்லியும் ஒரு குளத்துப் பிள்ளைகள். சேற்றில் கிழங்கு, நீர்மேல் இலை, அடுக்கடுக்காய் இதழ்கள். ஆகவே பெந்தாமும் ஹூக்கரும் வகுத்த முறையில் இரண்டும் ஒரே குடும்பத்தில் இடம்பெற்றன. நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். ஒரு மாணவி தேர்வில் அவை உறவல்ல என்று எழுதினாள். காரணம் கேட்டேன். "தாமரையின் மகரந்தத்தில் மூன்று பள்ளங்கள் தெரிகின்றன, அல்லியில் அப்படி இல்லையே, ஐயா?" என்றாள். பாடநூலில் உள்ளதை எழுதினால் போதும் என்று சொல்லி இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தேன்.

பச்சை இலைகளில் கரியமில வாயுவைப் பற்றி உணவாக்கத் தொடங்கும் நொதி ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதியை ஆக்கும் கட்டளை, பசுங்கணிகத்திலுள்ள ஒரு மரபணுவில் ஏறத்தாழ 1,400 எழுத்துக்களாகப் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துக்கள் என்றேன், உண்மையில் அவை நால்வகை இரசாயனப் பொருள்களே. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழைகளைப்போல, பற்பல தலைமுறைகள் கடக்கையில் இவற்றில் சிற்சில மாற்றங்கள் நேர்கின்றன. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிப்பார் அல்லவா? தாவர நூலாரும் அவ்வாறே ஊகிக்கின்றனர். பழைய பாடம் இரண்டிலும் மாறாமல் இருப்பது நெருங்கிய உறவைக் காட்டாது. சேர்ந்து மாறியதே சான்று. இருவர் தனித்தனியே ஒரே பிழையைச் செய்வதும் உண்டாதலால், பல ஏடுகளை ஒப்பிட வேண்டும்.

1993-இல் மார்க் சேஸ் முதலிய 42 ஆராய்ச்சியாளர்கள் 499 விதைத் தாவரங்களில் இந்த எழுத்து வரிசையை ஒப்பிட்டனர். தாமரை அல்லியை விட்டு வெகுதூரம் விலகிப்போயிற்று. அல்லியோ, பூக்கும் தாவரங்களின் அடிமரத்தருகே தொன்றுதொட்டுப் பிரிந்த கிளை என்பது 1999-இல் வேறு பல மரபணுக்களாலும் உறுதியாயிற்று. தாமரைக்கு நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? காஷ்மீரத்துச் சினார் மரமும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரமும்! குளத்துப் பூவுக்கு மலைமரம் உறவென்று கண்ணால் பார்த்து யார்தான் சொல்வார்கள்?

மகரந்தத்தில் மூன்று பள்ளங்கள் இருப்பது, தாமரை சேர்ந்துள்ள அந்தப் பெருங்கூட்டத்தின் அடிப்படை அடையாளம். மைக்ராஸ்கோப்பில் அம்மாணவி கண்டது அதைத்தான். இப்பேச்சு அவள் செவிக்கு எட்டுமாயின், அன்று நான் குறைத்த இரண்டு மதிப்பெண்களையும் கூட்டிக்கொள்ளட்டும்.