காண்ட்டின் சிந்தனை வளர்ந்த வழி



ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட்டின் கருத்துகள் எவ்வெவ்வாண்டில் எவ்வாறு உருவாயின என்பதை இன்று நாம் ஆராயப் புகுகின்றோம். பெருஞ்சிந்தனையாளர் ஒருவரை முழுதும் செதுக்கி முடித்த சிலைபோலக் கருதிப் படிப்பதே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு படிப்போர்க்கு வழிபாடு அல்லது வெறுப்பு, இவ்விரண்டில் ஒன்றே எஞ்சும்.

காண்ட் 1724ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் ருஷ்ய நாட்டின் கலினின்கிராட். தந்தையார் குதிரைகளுக்குத் தோல்வார் செய்யும் தொழிலாளி. இதனைக் கேட்டதும் நம்மவர் சிலர் நிமிர்ந்து உட்காருவது இயல்பே. ஆயினும், வார் செய்வோர்க்கு அந்நகரில் தொழிற்சங்கமும் அதற்குரிய மதிப்பும் இருந்தன. தீண்டாமை அவர்களைத் தொடவில்லை. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

வீட்டு ஆசிரியராகச் சில ஆண்டுகள் உழைத்தார். 1755 முதல் பதினைந்து ஆண்டுகள், மாணவர் தரும் கட்டணத்தையே நம்பிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 46ஆம் வயதில்தான், 1770இல், பேராசிரியர் பதவி கிட்டியது.

1764ஆம் ஆண்டில் அழகையும் மேன்மையையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஆப்பிரிக்க மக்களை இழிவாக எழுதினார். ஒருவர் கருநிறத்தவர் என்பதையே அவர் சொல் அறிவற்றது என்பதற்குச் சான்றாகக் காட்டினார். வியப்பு யாதெனில், அதே நூலின் சொந்தப் படியில் இடையிட்ட தாள்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகள்தாம். கல்லாத பாமரரை முன்னர்த் தாம் இகழ்ந்ததாகவும், ரூசோவே தம்மைத் திருத்தி மனிதரை மதிக்கக் கற்பித்ததாகவும் அங்கே எழுதுகின்றார். அச்சில் ஆணவம், கையெழுத்தில் மாற்றம். ஆனால் அம்மாற்றம் கருநிற மக்கள்வரை அப்பொழுது எட்டவில்லை. மனித இனங்களைப் பற்றி 1775இல் அவர் எழுதிய கட்டுரையே அதற்குச் சான்று.

1772இல் தம் மாணவராயிருந்த மருத்துவர் மார்க்கஸ் ஹெர்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், புதிய நூலின் முதற்பகுதியைச் சுமார் மூன்று மாதத்தில் வெளியிடக் கூடும் என்றார். ஆயின் 'தூய அறிவின் திறனாய்வு' 1781இல்தான் வெளிவந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூம் எழுப்பிய ஐயமே தம்மை உறக்கத்தினின்று எழுப்பியது என்று 1783இல் அவர் குறித்தார். 1787இல் வந்த இரண்டாம் பதிப்பில் முன்னுரையையும் சில பகுதிகளையும் புதிதாக எழுதினார். எனவே அந்நூலை மேற்கோள் காட்டுவோர் எப்பதிப்பு என்று சொல்லியாக வேண்டும்.

1785இல் வந்த அறநெறி நூலே நமக்கு நெருக்கமானது. பொருள்களுக்கு விலை உண்டு. மனிதர்க்கு உள்ளதோ மாண்பு, அதற்கு ஈடாக வைக்கத்தக்கது எதுவும் இல்லை. எனவே எவரையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 1795இல் எழுதிய 'நிலைத்த அமைதி' என்னும் சிறு நூலில், வாணிபம் என்ற பெயரில் இந்துஸ்தானத்திற்குள் படை நுழைத்து மக்களை ஒடுக்கிய ஐரோப்பியரைக் கண்டித்தார்; கரும்புத் தீவுகளின் அடிமை முறையையும் கொடுமை என்றே உரைத்தார். முன்னைய இழிமொழிகளை அவர் வெளிப்படையாகத் திரும்பப் பெறவில்லை. ஆதலால் அவர் உள்ளம் மாறியதா என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். எழுத்தின் திசை மாறியது என்பதே நம் துணிபு.

ஆயினும் 1797இல் வந்த சட்டநெறி நூலைப் படிக்கும்போது நாம் திடுக்கிடுகின்றோம். பிறரைச் சார்ந்து பிழைக்கும் வேலையாளுக்கும், பெண்டிர் அனைவர்க்கும் வாக்குரிமை இல்லை என்கின்றார். அதற்குக் காட்டும் உதாரணங்களில் ஒருவர், சுத்தியலும் அடைகல்லும் துருத்தியும் சுமந்து வீடுவீடாகச் சென்று வேலை செய்யும் இந்தியக் கொல்லர்! தம் பொருளைச் சந்தையில் விற்கும் ஐரோப்பியக் கொல்லருக்கு அவ்வுரிமை உண்டாம். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் இதனை எழுதினார். உழைத்து எவரும் மேல்நிலைக்கு வரலாம் என்று அங்கேயே ஒரு வாயிலையும் திறந்து வைக்கின்றார். பெண்டிர்க்கு அவ்வாயில் உண்டா என்பது தெளிவாகவில்லை. பிறர் வாயிலில் நின்று கூலிக்கு உழைத்தோரின் வழிவந்த நாம், இப்பகுதியை 1785ஆம் ஆண்டு நூலுக்கு அருகில் வைத்து மெல்லப் படித்தல் வேண்டும்.

தொடங்குவோர் 1795ஆம் ஆண்டின் சிறு நூலைக் கையில் எடுங்கள். அடுத்து 1785, பின்னர் 1797. 1781ஆம் ஆண்டின் பெருநூலுக்கு ஆசிரியர் துணை தேவை, அவசரமும் வேண்டா. மூன்று மாதம் என்று கணக்கிட்டவருக்கே அது மேலும் ஒன்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.