எஸ்கலேஷன் க்ளாஸ்: இங்கேயும் அங்கேயும்
(வடாலாவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

போன மாதம் சியாட்டிலிலிருந்து என் பெண் போன் செய்தாள். "அப்பா, ஒரு வீட்டுக்கு ஆஃபர் கொடுக்கப் போறோம். எஸ்கலேஷன் க்ளாஸ் போடச் சொல்றா. நீ என்ன சொல்றே?" அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. காரணம் 1993.

அந்த வருஷம் இதே வடாலாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் ஃப்ளாட் புக் செய்தேன். சாமான் விலை ஏறினால் வித்தியாசத்தை வாங்குபவர் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. எதுவரை என்று கிடையாது. கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது ஸ்லாப் முடிந்ததும் சிமெண்ட், கம்பி விலை என்று ஒரு கடிதம்; சாவி தருவதற்கு முன் இன்னொன்று. பி.எஃப். பணம் போதாமல் ஆத்துக்காரியின் வளையல்களும் போயின. நான் பி.எஸ்ஸி. பௌதிகம். அம்மீட்டரை இணைக்குமுன் அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு இதைப் பார்க்கத் தோன்றவில்லை!

இன்று மஹாராஷ்டிரத்தில் நிலைமை தேவலை. 2016 ரேரா சட்டத்தின்படி இங்கே 2017-ல் வந்த விதிகளில் மாதிரி ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மொத்த விலை ஏறாது என்கிறது அது. அரசு தரப்பில் வளர்ச்சிக் கட்டணம் போன்றவை உயர்ந்தால் மட்டும் விலக்கு. அப்போதும் பில்டர் அந்த உத்தரவின் நகலை இணைத்துத்தான் கேட்க வேண்டும். இனி வரும் தவணைகளுக்குத்தான் அது செல்லும். நகல் இல்லாமல் கடிதம் வந்தால், செக் எழுதுமுன் நகலை எழுத்து மூலம் கேளுங்கள்.

அமெரிக்காவில் பெயர் அதேதான், சமாசாரம் வேறு. நம்மில் பலருக்குக் குழந்தைகள் அங்கே இருப்பதால் சொல்கிறேன். அங்கே விலையை ஏற்றுவது வாங்குகிறவரே. "5,00,000 டாலர் தருகிறேன், வேறு யாராவது அதிகம் சொன்னால் அதற்கு மேல் 5,000, ஆனால் 5,40,000-ஐத் தாண்ட மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது. எதிராளி 5,20,000 என்றால் நம் விலை 5,25,000 ஆகிவிடும். சங்கடம் என்னவென்றால், நம் மடியில் உள்ளது முழுவதும் விற்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த 5,40,000-ஐயே கொடுங்களேன் என்று அவர் திருப்பிக் கேட்கலாம். தவிர, வங்கி தன் மதிப்பீட்டை வைத்துத்தான் கடன் தரும். அது குறைந்தால் மீதி நம் கைப்பணம்.

பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டேன். உச்சவரம்பு உண்டா? எதிராளியின் ஆஃபரைக் கண்ணால் காட்டுவார்களா? இரண்டும் இருந்தன. வங்கி குறைத்துக் கொடுத்தாலும் சமாளிக்கிற அளவுக்கு உச்சத்தை இறக்கச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. வீடு வேறொருவருக்குப் போயிற்று. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.