யுரேனியமும் ஆறு ஆரக்கால்களும்

2012ஆம் ஆண்டில் நம் திருநெல்வேலிச் சீமையில் இருவர் கூடினால் கூடங்குளத்தைப் பற்றியே பேச்சு. அந்நாளில் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, யுரேனியம் தாமிரபரணியில் விழுந்தால் எங்கே போகும்?" என்று வினவினான். "கனத்த உலோகமல்லவா? அடியிலே தங்கிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்விடை பிழையானது என்பதைப் பின்னரே நூல்களைப் பார்த்து உணர்ந்தேன். அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கூடங்குளம் ஆற்றங்கரையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. அங்குள்ள உலைகள் கடல்நீரால் குளிர்விக்கப்படுகின்றன. அவற்றின் எரிபொருளான யுரேனியம் டையாக்சைடு நீரில் கரைவது மிக அரிது. ஆயினும் காற்றும் நீரும் சேர்ந்து தாக்கினால் யுரேனியம் மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, 'யுரேனைல்' என்னும் அயனியாக மாறிக் கரையத் தொடங்குகிறது. இந்த அயனியின் வடிவத்தில்தான் நம் வினாவுக்குரிய விடை இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள குடம் யுரேனியம். அதன் இருபுறமும் நீளும் அச்சு, இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள். இவை மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். யுரேனியத்துக்கும் அந்த ஆக்ஸிஜனுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம், மிக உறுதியான பிணைப்பு. பிற மூலக்கூறுகள் அச்சின் பக்கம் அணுக இடமில்லை. அவை சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் குடத்தைச் சுற்றியே பொருந்த வேண்டும். நம் வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் மிகுதி. இங்கே பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரைதான். இவ்வாறு வந்து பிணையும் மூலக்கூறுகளையே ரசாயன நூல்கள் 'ஈனிகள்' என்கின்றன.

யுரேனியத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஆறு ஆரக்கால்கள் அமையும். இரண்டு நைட்ரேட்டுகள் தலைக்கு இரண்டாக நான்கு இடங்களைப் பற்றிக்கொள்ளும்; மீதி இரண்டில் நீர் மூலக்கூறுகள் அமரும். இக்கரைசலுடன், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்டைச் சேர்த்துக் குலுக்கினால், அந்தக் கரிமச் சேர்மம் நீரை விலக்கிவிட்டு அவ்விரு இடங்களிலும் தான் அமர்ந்துகொள்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கார்பன் வால்கள்; ஒவ்வொரு வாலிலும் நான்கு கார்பன் அணுக்கள். யுரேனைலின் இரண்டு நேர்மின் சுமைகளை இரு நைட்ரேட்டுகளும் ஈடுசெய்துவிட்டன. வெளிப்புறத்தையோ எண்ணெய்த்தன்மை கொண்ட வால்கள் போர்த்திவிட்டன. ஆகவே யுரேனியம் நீரைவிட்டு எண்ணெய்க்குள் சென்றுவிடுகிறது! சீசியம், ஸ்ட்ரான்ஷியம் முதலிய கதிரியக்கக் கழிவுகள் அமிலத்திலேயே தங்கிவிடும். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவி யுரேனியத்தை மீட்கலாம். 'பியூரெக்ஸ்' எனப்படும் இம்முறை, நம் நாட்டில் 1964 முதல் டிராம்பேயிலும், 1998 முதல் நம் கல்பாக்கத்திலும் கையாளப்பட்டு வந்திருக்கிறது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். ஆற்றிலும் கிணற்றிலும் நைட்ரிக் அமிலம் இல்லை; ஆனால் கார்பனேட் உண்டு. மூன்று கார்பனேட்டுகள் இரண்டிரண்டாக ஆறு ஆரக்கால்களையும் நிரப்பிவிடும். அச்சேர்மம் எதிர்மின் சுமை கொண்டது. நீரோடு நெடுந்தூரம் செல்லும். பொதிகையில் மக்கும் இலைகளிலிருந்து தோன்றுவன போன்ற கரிம அமிலங்களும் யுரேனைலைப் பற்றும். அவை சில வேளை அதனைச் சேற்றில் நிறுத்தும், சில வேளை நீரோடு கூட்டிச் செல்லும். அணு உலையே இல்லாத ஊர்களிலும், பாறையிலுள்ள யுரேனியம் இவ்வழியே நிலத்தடி நீரில் சேர்வதுண்டு. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

எனவே, "யுரேனியம் எங்கே போகும்?" என்பதற்கு எடையைக் கொண்டு விடை கூற இயலாது. அதனைச் சூழ்ந்து நிற்பவை எவை என்று முதலில் கேட்க வேண்டும். அச்சம் கொள்வோரும் பெருமிதம் கொள்வோரும் ஒருங்கே அறிய வேண்டிய செய்தி இது. அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இவ்வுரை அவன் செவியில் விழுமாயின், என் பழைய விடையை அவன் அடித்துத் திருத்திக்கொள்வானாக.