டெல்லி கணேஷும் நமது மேடையும்

(சான்பாடா தமிழ் அன்பர்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இரயில்வே அலுவலகத்தில் நாள் முழுவதும் பதிவேடுகளோடு மல்லாடும் ஒரு குமாஸ்தாவைக் கலையைப் பற்றிப் பேசுமாறு பணித்தது நமது காரியதரிசி அவர்களின் துணிச்சலையே காட்டுகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஆகவே ஆராய்ச்சி எதுவும் வேண்டாத பொருளாகத் தேடினேன். நம் வீட்டுக் கூடங்களுக்கு மாலைதோறும் தொலைக்காட்சி வழியே வந்து சென்ற ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் நடிகர் டெல்லி கணேஷ்.

அவர் 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நெல்லைச் சீமையில் பிறந்தவர். இயற்பெயர் கணேசன். பிழைப்பை நாடி 1964இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பத்தாண்டுகள் ஊழியம் புரிந்தார். தலைநகரில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபா என்னும் தமிழர் குழுவில் அவர் நடித்து வந்தார். இந்தச் செய்தியை அன்பர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய குழுக்களில் இருந்தவர்கள் யார்? பகலெல்லாம் சர்க்கார் கோப்புகளைப் புரட்டிவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு ஓடிய நம் போன்றவர்களே! சுற்றிலும் இந்தி ஒலிக்கும் ஊரில், தமிழில் நாலு வார்த்தை உரக்கப் பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த இடம் மேடை ஒன்றுதான்.

இது டெல்லிக்கு மட்டும் உரிய கதையும் அன்று. பூர்ணம் விசுவநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். இயக்குநர் பாலசந்தர் சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததனால் கலை இவர்களை விட்டு ஓடிவிடவில்லை.

விமானப்படையை விட்டுச் சென்னைக்கு வந்த கணேசன், அங்கும் நாடகத்தையே நாடினார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தில் நடித்தார். அதனைப் பாலசந்தர் 1977இல் திரைப்படமாக்கியபோது அவரையும் அழைத்துக்கொண்டார். 'டெல்லி' என்ற அடைமொழியைச் சூட்டியவரும் அவரே. கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்திற்குக் குடிபெயர்ந்து படும் பாடுதான் அக்கதை. நமக்கு அதை விளக்கவும் வேண்டுமோ?

அதன்பின் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றையெல்லாம் அடுக்கிக் காட்டினால் நமது சிற்றுண்டி ஆறிவிடும். ஒன்றை மட்டும் சொல்வேன். 1979இல் வெளிவந்த 'பசி'யில் அவர் சென்னைச் சேரியின் ரிக்‌ஷாத் தொழிலாளி; அதற்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரர். இடையில் 1987இல் வந்த 'நாயகன்' படத்தில், நம் தாராவியில், வேலு நாயக்கரின் நிழலாய் நிற்கும் ஐயர். சேரித் தமிழ், பாலக்காட்டுத் தமிழ், பம்பாய் வாழ் தமிழரின் தமிழ் என்று ஒவ்வொன்றையும் அதற்குரிய ஓசையோடு பேசியவர், பத்தாண்டுகள் வடநாட்டுப் படையில் கழித்தவர் என்பதை மறவாதீர்கள். அவருடைய நாவைத் துருப்பிடிக்க விடாமல் காத்தது அந்த டெல்லி மேடை என்றே நான் கருதுகிறேன்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். தூரதர்ஷன் ஒன்றே இருந்த நாளில், ஞாயிறு பிற்பகலில் முறை வந்தால்தான் இங்கே நமக்கு ஒரு தமிழ்ப் படம். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் நாள்தோறும் வீட்டில் தமிழ் ஒலித்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' முதற்கொண்டு 'செல்லமே' வரையில் பல தொடர்களில் கணேஷ் நடித்தார். தொடர்கள் யாவும் உயர்ந்தவை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு பிடி கதையை ஓராண்டு இழுப்பதும் உண்டு. அன்றைய வசனத்தை அன்றே பெற்று, அன்றே பேசி முடிக்க வேண்டிய அவசர வேலை அது. அதிலும் அவர் அலட்சியமாக நடித்து நான் கண்டதில்லை.

என் தாயார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கிய புதிதில், நாலாம் மாடி வீட்டில் பேச்சுத் துணையின்றித் தவித்தார். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. நான் இரவுப் பணிக்குச் சென்ற நாட்களில், கணேஷ் திரையில் தோன்றியதும், "வாங்க, இப்பத்தான் வாறீகளா?" என்று கேட்பாராம். என் மனைவி சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2024 நவம்பர் 9ஆம் நாள் இரவு, தமது எண்பதாம் வயதில் அவர் மறைந்தார். மறுநாளே இந்திரா சௌந்தர்ராஜனும் மறைந்தார். செய்தியைச் சொன்னபோது அம்மா, "அவுகளுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நெல்லைப் பக்கம் என்றேன். "நம்ம பக்கமா! இத்தனை நாளும் சொல்லலையே" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

அன்பர்களே, அடுத்த ஆண்டு விழாவில் நாடகம் வேண்டாம், திரைப்பாடல் நடனங்களே போதும் என்று நம் செயற்குழுவில் பேச்சு எழுந்துள்ளது. ஒத்திகைக்கு ஆள் வருவதில்லை, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்பவை காரணங்கள். இரண்டும் உண்மை, என் மகளுக்கும் வாசிக்க வராது. ஆயினும் பேச வரும். அவளுடைய வசனத்தை நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். 'ழ'கரம் மட்டும் இன்னும் தகராறு செய்கிறது.

முக்கால் மணி நேர நாடகம் ஒன்று என்னிடம் தயாராக உள்ளது. ஒன்பது பாத்திரங்கள், தாத்தா வேடத்திற்கு இன்னும் ஆள் அமையவில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. முதல் ஷிஃப்டு முடித்து வருகிறவர்கள் ஐந்துக்கு வந்தாலும் காத்திருப்போம். காபி என் தாயார் பொறுப்பு.