ஆணவத்தின் வடிவம்

(திருக்கோயில் விழாவில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘நான்’ என்பது இரண்டே எழுத்தாலான சொல். மழலை மாறுமுன்னரே மனிதன் அதனைப் பயில்கின்றான்; இறுதி மூச்சு வரையில் அதனை விடுவதில்லை. ஆயினும் அச்சொல்லின் பொருள் யாது என வினவினால் விடை கூறுதல் எளிதன்று. ‘நான் கறுப்பு’ என்னுமிடத்து உடம்பே நான் ஆகின்றது. ‘நான் கலங்கினேன்’ என்னுமிடத்து மனமே நான் ஆகின்றது. அடுத்த கணத்திலேயே ‘என் உடம்பு, என் மனம்’ என்றும் அவனே கூறுகின்றான். உடைமையும் உடையவனும் ஒன்றாதல் எங்ஙனம்?

இவ்வினாவைத் தெளிவுற ஆராய்ந்த நூல் சிவஞானபோதம். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டதேவர் அருளிய இந்நூல் 12 நூற்பாக்களே உடையது. அதன் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதை நிறுவுகின்றது. கண் கண்டதைச் செவி அறியாது. செவி கேட்டதை மூக்கு அறியாது. ஐந்தையும் ஒருங்கே அறிவது ஒன்று உண்டு. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருப்பினும் உண்ணுதலும் தொழில் புரிதலும் இல்லை; ஆகவே மூச்சும் உயிரன்று. அன்றியும், உயிர் தானே அனைத்தையும் அறிந்துவிடுவதில்லை, உணர்த்தினால் உணர்கின்றது. ஆகவே அது இறைவனும் அன்று. இக்கடைசிக் கருத்தே குரு ஒருவர் வேண்டும் என்பதற்கு அடிப்படையாகும்.

மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் உயிருக்குக் கருவிகள். அரசனுக்கு அமைச்சர் போன்றவை அவை. அரசன் தன்னை மறந்து அமைச்சரையே தானென மயங்கினால் நாடு என்னாகும்? அம்மயக்கத்திற்குக் காரணம் ஆணவ மலம். செம்பில் களிம்பு போலவும், நெல்லில் உமி போலவும் அஃது உயிரோடு தொன்றுதொட்டே கூடி நிற்கின்றது. புற இருள் பொருள்களை மறைத்தாலும் ‘இஃது இருள்’ எனத் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என விளக்குகின்றார் திருவருட்பயன் அருளிய உமாபதி சிவாசாரியார்.

இதற்குச் சான்றாக ஒரு வரலாறு உண்டு. திருத்துறையூரில் வாழ்ந்த ஆதிசைவப் பெரியவர் ஒருவர், ஆகமங்கள் அனைத்தையும் கற்றமையால் சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பெற்றார். பிள்ளையின்றி வருந்திய அச்சுதகளப்பாளருக்குத் திருமுறையில் கயிறு சாத்தி வழிகாட்டிய குலகுரு அவரே. அவ்வாறு பிறந்த பிள்ளையே பின்னாளில் மெய்கண்டாராய்ப் பலருக்கு ஞானம் உணர்த்தினார். அதனைப் பண்டிதரால் பொறுக்க இயலவில்லை. வயதிலும் கல்வியிலும் மூத்தவராகிய தாம் இருக்க, ஓர் இளையவர் ஆசிரியராவதா? நேரே சென்றார். அங்கே ஆணவ மலத்தின் இயல்பு பேசப்பட்டுக் கொண்டிருந்தது. நின்றவாறே, ‘ஆணவத்தின் வடிவம் யாது?’ என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் பேசவில்லை. சுட்டுவிரலால் அவரையே சுட்டிக் காட்டினார்.

கற்ற ஆகமங்கள் காட்டாததை அவ்விரல் காட்டிற்று. சினந்து திரும்பியிருக்கலாம், வாதிட்டிருக்கலாம். முதியவர் அவ்வாறு செய்யவில்லை. இளையவரின் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயர் பெற்றார். சிவஞானசித்தியார் அவர் அருளிய நூலே. ஆணவத்தின் வடிவத்தை வினவிய அவரே, இருபா இருபஃது என்னும் நூலில் மோகம், மதம், சினம் முதலாக அதன் குணங்களை எண்ணி உரைத்தார். தம்மிடம் கண்டதை அன்றோ உரைத்தார்!

பொருளாசையைப் பிறர் காண்பர். சினத்தைத் தானே உணரலாம். நற்செயலுக்குள் ஒளிந்திருக்கும் ஆணவத்தைக் காணுதலே அரிது. ஒருவர் உழவாரப் பணி செய்து பிரகாரத்தைத் தூய்மை செய்கின்றார். பணி முடிந்ததும், பார்த்தவர் எவரேனும் உண்டா எனக் கண்கள் தேடுகின்றன. தரையிலிருந்த தூசு நீங்கிற்று. அது நெஞ்சில் வந்து படிந்தது. அதற்காகப் பணியை விட்டுவிடல் வேண்டா. தேடிய கண்களைத் தேடியவாறே கண்டுகொண்டால் போதும். அவ்வாறு காணுதலே அறத்தின் தொடக்கம்.

உயிர் பளிங்கு போன்றது. சார்ந்ததன் வண்ணமாய் விளங்குவது. செருக்கைச் சார்ந்தால் செருக்காகும். அருளைச் சார்ந்தால் அருள் ஒளிரும். சார்பை மாற்றிக்கொள்ளுதற்கே ஆலய வழிபாடு அமைந்தது. கொடிமரத்தின் அருகில் நிற்கும் பலிபீடம், மனிதன் தன் ஆணவத்தை இட்டுவிட்டு உட்செல்லவேண்டிய இடம். அங்கு வீழ்ந்து வணங்கும் அன்பர், ‘இவரிடம் எத்தனை ஆணவம்!’ எனப் பிறர்மேல் நீட்டிய விரலை ஒருமுறை தம் பக்கம் திருப்பிப் பார்ப்பாராக. குருவின் விரல் காட்டியதும் அதுவே.

திருச்சிற்றம்பலம்.