தாலாட்டு எழுதப் போன தாத்தா

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், பேத்திக்குப் பாட்டு எழுதியிருக்கீங்களாமே, அதைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றார் நம் செயலாளர். நான் கவிஞனும் இல்லை, பாடகனும் இல்லை. 30 வருடம் கணக்கு எழுதியவன். இதுவரை எழுதி முடித்தது ஒரே ஒரு தாலாட்டு. அதற்கே மூன்று மாதம் ஆனது. எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால், எழுத ஆசைப்பட்டுப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு உதவும்.

என் அம்மா நன்றாகத் தாலாட்டுப் பாடுவார். யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பேத்தியை மடியில் போட்டு ஆட்டியபோது இரண்டு வரி மெட்டு மட்டும் வந்தது. சொல் ஒன்றுகூட நினைவில் இல்லை. அன்றைக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல், சொல். முத்தே, மணியே, நிலவே என்று நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது வரிக்கு ஒன்றுமே இல்லை. பழைய தாலாட்டுகளில் மாமன் வருவார், அத்தை வருவாள், தொட்டில் செய்த ஆசாரிகூட வருவார். வீட்டில் இருப்பதெல்லாம் பாட்டில் இருக்கும். நானும் பால்கனியைப் பார்த்தேன்.

"தண்ணி லாரி போயிடுச்சு, தாத்தா மடி காத்திருக்கு
மாடிக் காக்கா தூங்கிடுச்சு, மணியும் எட்டு ஆயிடுச்சு"

(சிரிப்பு) சிரிக்கிறீர்கள். ஆனால் அதற்குப் பிறகு வரி நிற்கவே இல்லை. த, தா, மா, ம என்று மோனை தானாக வந்து உட்கார்ந்தது. எதுகை மோனையைத் தேடிப் போனபோதுதான் வரவில்லை.

இரண்டாவது சிக்கல், சொல்லும் மெட்டும் ஒட்டாதது. அம்மாவின் மெட்டில் வரியின் முதல் எழுத்தை நன்றாக இழுக்க வேண்டும். நான் "மலை போல வளரணும்" என்று எழுதியிருந்தேன். பாடினால் "மாலை போல வளரணும்" என்று கேட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து, "மாலை சாயங்காலமே வாடிடுமே, குழந்தைக்கு இதையா பாடுவீங்க?" என்றாள். அப்போதுதான் புரிந்தது. இழுக்கிற இடத்தில் நெடில் வேண்டும். குறிலை இழுத்தால் குடை கூடையாகும், படம் பாடமாகும். "ஆலு போல வளரணும்" என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் முதலில் தன்னன்னா என்று பாடி, தொடையில் தாளம் தட்டி, எங்கே நீட்டுகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

மூன்றாவது, புது மெட்டு. மூன்றாவது வரிக்கு அம்மாவின் மெட்டு இல்லை. நான் போட்டதெல்லாம் ஏதோ சினிமாப் பாட்டு மாதிரியே இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் பாரதியாரே சில பாடல்களை கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் எழுதி, இன்ன மெட்டு என்று குறித்தும் வைத்திருக்கிறார். பழகுவதற்குத் தெரிந்த மெட்டு தப்பில்லை. சபையில் பாடும்போது யாருடையது என்று சொல்லிவிட்டால் போதும். சொந்த மெட்டு வேண்டுமென்றால், வரியை முதலில் பேசிப் பாருங்கள். "தூங்கு கண்ணு" என்று குழந்தையிடம் கெஞ்சும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? அதையே கொஞ்சம் நீட்டினேன். மூன்று நான்கு ஸ்வரத்துக்குள் மெட்டு கிடைத்தது. தாலாட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

பாட்டு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பேத்தி சில நாள் தூங்குகிறாள், சில நாள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் அடுத்த பாட்டில் என்ன செய்யக் கூடாது என்று தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இங்கே முன்வரிசையில் பாட்டிமார்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். பாதிப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மீதியை நீங்கள் எழுதலாம்.