பேட்டரி மேல் பழி போடுமுன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கார் பேட்டரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் சிரித்தார். "வேற தலைப்பே கிடைக்கலையாப்பா?" என்றார். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்து இரவு. மணி இரண்டு. அம்மாவுக்கு மூச்சுத் திணறல். காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது, அவ்வளவுதான். தெருமுனை ஆட்டோக்காரர் வந்தார், அம்மா பிழைத்தார்.

மறுநாளே பழசைக் கொடுத்துவிட்டுப் புது பேட்டரி வாங்கினேன். கடையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை; நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் புதுசும் படுத்துவிட்டது! மெக்கானிக் தம்பி வந்தார். இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து இஞ்சினைக் கிளப்பினார். ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தார். 12.1 வோல்ட். "சார், இஞ்சின் ஓடும்போது 14 பக்கம் காட்டணும். சார்ஜே ஏறல. பேட்டரி என்ன சார் பண்ணும்?" என்றார். கோளாறு ஆல்டர்னேட்டரில். நான் எலக்ட்ரிக்கல் படித்தவன் என்று அவரிடம் மூச்சுகூட விடவில்லை.

நம் லேபில் ஆசிரியர் எத்தனை முறை திட்டியிருப்பார், "அளக்காம அபிப்பிராயம் சொல்லாதே" என்று! பாஸ் பண்ணியதும் மறந்துவிட்டோம்.

அளப்பது கஷ்டமே இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளப்பும் முன் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஆனால் இது மட்டும் போதாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, சுமை வந்ததும் உட்கார்ந்துவிடும் பேட்டரியும் உண்டு. ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். இஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் போடலாம். ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போச்சு. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான். ஆசிட் ஊற்றாதீர்கள், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடையுங்கள். பல நேரம் நோய் அங்கேதான் இருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் புதுசு தேவைப்பட்டால், வண்டிக் கையேட்டில் உள்ள ஆம்பியர்-அவர், அளவு, டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து வாங்குங்கள். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். சிக்னலில் தானே அணையும் வண்டிகளுக்குச் சாதாரண பேட்டரி தாங்காது; ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைதான் வேண்டும். வாரண்டியில் எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் கழிவு விலை என்று பிரித்துக் கேளுங்கள். நம் ஊர் வெயில் பேட்டரிக்குப் பெரிய எதிரி. பழசைக் கடையிலேயே கொடுங்கள்; உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும், தெருவில் போடும் சரக்கல்ல.

நான் கொடுத்த அந்தப் பழைய பேட்டரி நல்லதாகவே இருந்திருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்?

தம்பி தங்கைகளே, மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். அம்மா இன்றும் காரில் ஏறும்போதெல்லாம், "கரண்ட் இருக்காடா?" என்றுதான் கேட்கிறார். இப்போதெல்லாம் அளந்து பார்த்துவிட்டுத்தான், "இருக்கும்மா" என்கிறேன்.